வாக்கில்லாதவர்களின் கையெழுத்து

எங்கள் இணைய நூலகத்தை ஒரு நாள் மூடிவைக்க 2019 மார்ச்சில் மறுத்தபோது தம்பியிடம் நான் சொன்ன காரணம் சரியானது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அந்தக் காரணத்தைக் கேட்டுவிட்டு அவர் திருப்பிக் கேட்ட கேள்விக்குத்தான் இன்னும் பதில் கிடைக்கவில்லை. "அது வேற, தம்பி" என்று மட்டும் சொன்னேன். எப்படி வேறு என்று அவரும் கேட்கவில்லை, நானும் விளக்கவில்லை.

அவர் கேட்டது பெரிய காரியம் இல்லை. பழைய தமிழ் இதழ்களை ஸ்கான் செய்து யாழ்ப்பாணத்தில் இருந்து நாங்கள் நடத்துகிற தளத்தை மார்ச் 21 அன்று ஒரு நாள் மூடி வைக்கவேண்டும். யார் திறந்தாலும் பழைய சஞ்சிகையோ கோயில் மலரோ வராது. கறுப்புப் பக்கம் ஒன்று வரும், ஏன் மூடியிருக்கிறோம் என்று நாலு வரி வரும். ஜேர்மன் மொழி விக்கிபீடியா அன்றைக்கு அப்படித்தான் மூடப்போகிறது, நாங்களும் கூட நின்றால் நல்லது என்றார். அதே மாதம் 26ஆம் திகதி ஐரோப்பியப் பாராளுமன்றத்தில் பதிப்புரிமைப் பணிப்புரை, அதாவது உறுப்பு நாடுகள் தங்கள் சட்டமாக மாற்றவேண்டிய பொது விதி, கடைசி வாக்கெடுப்புக்கு வர இருந்தது. அதை எதிர்த்துத்தான் இந்த மூடல்.

தம்பி ஜேர்மனியின் ஸ்ருட்காட்டில் பிறந்து வளர்ந்தவர். சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையில் படித்த தமிழை வைத்துக்கொண்டு எங்கள் நூற்பட்டியலைத் திருத்தித் தந்துகொண்டிருந்தார். அந்த வேலையின் பாடு செய்தவர்களுக்குத்தான் தெரியும். பழைய இதழின் அட்டையில் சித்திரை என்று மாதம் இருக்கும், ஆண்டு இருக்காது. ஒரே ஆள் மூன்று புனைபெயரில் எழுதியிருப்பார். தம்பி பின்னட்டை விளம்பரத்தைப் பார்ப்பார், அச்சகத்தின் முகவரியைப் பார்ப்பார், உள்ளே யாருக்காவது அஞ்சலி எழுதியிருந்தால் அவர் எப்போது இறந்தார் என்று தேடுவார். அப்படியே ஆண்டைப் பிடித்துவிடுவார். இதற்குச் சம்பளம் இல்லை. வேலையால் வந்து இரவில் இருந்து செய்து அனுப்புவார். காலையில் நாங்கள் அலுவலகம் திறக்கும்போது பட்டியல் வந்து கிடக்கும்.

அவர் பயந்ததிலும் நியாயம் இருந்தது. அப்போது எல்லோரும் 13ஆம் உறுப்புரை என்று பேசியது கடைசி வரைவில் 17 ஆனது. யூரியூப் போன்ற தளங்களில் ஆட்கள் ஏற்றுகிற பாட்டுக்கும் படத்துக்கும் அந்தத் தளத்தையே நேரடியாகப் பொறுப்பாக்குகிற உறுப்புரை அது. பொறுப்பு தன் தலையில் விழுந்தால் கம்பனி என்ன செய்யும்? ஏறுவதற்கு முன்னமே எல்லாவற்றையும் வடிகட்ட ஒரு மெஷினை வைக்கும். திருட்டு எது, நையாண்டி எது, மேற்கோள் எது என்று மெஷினுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. சந்தேகம் வந்தால் தடுத்துவிடும். இந்த வாதத்தை நானும் ஒத்துக்கொண்டேன். மார்ச் 23 அன்று ஜேர்மனியின் நகரங்களில் பல்லாயிரம் பேர் தெருவில் இறங்கினார்கள், அதில் பெரும்பங்கு இளம் ஆட்கள். இணையத்தில் எதிர்ப்புக் கையெழுத்து 50 இலட்சத்தைத் தாண்டியிருந்தது.

அப்படியானால் ஏன் மறுத்தேன்?

பணிப்புரையின் வரைவைத் தம்பியே அனுப்பியிருந்தார். எதிர்ப்பதற்காக அவர் அனுப்பியதை நான் எங்கள் தொழிலை மனதில் வைத்து வாசித்தேன். இலாப நோக்கில்லாத கலைக்களஞ்சியங்களையும் கல்வி, ஆய்வுக் களஞ்சியங்களையும் 17ஆம் உறுப்புரை தொடாது என்று அதிலேயே எழுதியிருந்தது. அதைவிட முக்கியம் 8ஆம் உறுப்புரை. வணிகத்தில் இல்லாத ஆக்கங்களைப் பற்றியது அது. கடையில் கிடைக்காமல் போன ஒரு புத்தகத்தை, தன் கையில் பிரதி இருக்கிற நூலகமோ ஆவணக் காப்பகமோ இலாப நோக்கில்லாமல் இணையத்தில் வைக்கலாம். உரிமையாளர்களின் சார்பில் இயங்குகிற சங்கம் இருந்தால் அதனிடம் உரிமம் எடுக்கவேண்டும். பொருத்தமான சங்கம் இல்லையென்றால் விதிவிலக்காகவே வைக்கலாம். உரிமையாளர் எப்போது வந்து வேண்டாம் என்றாலும் எடுத்துவிடவேண்டும். இந்தப் பந்தியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

இதில் என்ன இருக்கிறது என்று வெளியில் நிற்பவர்கள் கேட்கலாம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தது எல்லோருக்கும் தெரியும். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் வீடுகளில் விட்டுப்போன புத்தக அலுமாரிகளுக்குக் கணக்கு வைத்தவர் யாரும் இல்லை. கறையானுக்கும் மழைக்கும் தப்பி வந்ததைத்தான் நாங்கள் ஸ்கான் செய்கிறோம். இதழைத் தைத்திருக்கிற துருப்பிடித்த கம்பியைத் தட்டைக் கத்தியால் மெல்ல நிமிர்த்திக் கழற்றவேண்டும். துரு ஊறிய இடத்தில் விரல் பட்டால் தாள் பொடியாகிவிடும். சில இதழ்களை வாழ்க்கையில் ஒருமுறைதான் திறக்கமுடியும், அந்த ஒருமுறையில் படம் எடுத்துவிடவேண்டும். இவ்வளவு பாடுபட்டு எடுத்ததைத் தளத்தில் போடலாமா என்று கேட்டால், இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் குறுக்கே நிற்கிறது. ஆசிரியர் இறந்து 70 ஆண்டுவரை பதிப்புரிமை உண்டு. 1975இல் இறந்த ஒருவரின் கதை 2045 முடியும்வரை வாரிசுகளுக்குச் சொந்தம். வாரிசுகள் எங்கே?

கொக்குவிலில் ஒரு வீட்டுக்கு அனுமதிப் படிவத்தோடு போனேன். ஐம்பதுகளில் சொந்தமாக ஒரு சிறுசஞ்சிகை நடத்தியவரின் மகள், ஓய்வுபெற்ற ஆசிரியை. படிவத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுதும் வாசித்தார். பிறகு சொன்னார்: "அப்பா இதால ஒரு சதம் உழைக்கேல்லை, பிள்ளை. கைக்காசு போட்டுத்தான் அடிச்சவர். ஆனா கேக்காமல் எடுத்துப் போட்டால் கோவிப்பார்." தன் கையெழுத்தை வைத்தார். ரொறன்ரோவில் இருக்கிற தம்பியாரிடமிருந்தும் வாங்கித் தந்தார். மற்றச் சகோதரரோடு தொண்ணூறுகளுக்குப் பிறகு தொடர்பே இல்லை. படிவத்தின் மூன்றாவது கோடு வெறுமையாகவே இருக்கிறது. இதழ்கள் ஸ்கான் ஆகி வன்தட்டில் கிடக்கின்றன, தளத்தில் இல்லை. ஐரோப்பாவின் 8ஆம் உறுப்புரை போல ஒன்று எங்கள் சட்டத்தில் இருந்திருந்தால் அந்தச் சஞ்சிகையை இன்றைக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பிள்ளை ஒருவர் போனிலேயே வாசிக்கலாம்.

ஆகவே பதிப்புரிமை என்றால் பெரிய கம்பனிகளின் ஆயுதம் என்று தம்பியும் அவருடைய நண்பர்களும் பேசும்போது என்னால் முழுதாகச் சேர்ந்து பேச முடியவில்லை. கேட்டுவிட்டுப் போடு என்று அந்த ஆசிரியை சொன்னதும் பதிப்புரிமைதான். நான் எதிர்க்க நினைப்பது கேட்பதற்கு ஆளே இல்லாத இடத்தில் பூட்டுப் போடுகிற சட்டத்தை. ஐரோப்பியப் பணிப்புரை அந்த ஒரு பூட்டைத் திறக்கப் பார்த்தது, அதே கையால் வேறு இடத்தில் வேறொரு பூட்டைப் போடவும் பார்த்தது. ஒரு கறுப்புப் பக்கத்தில் இதை எழுத இடம் இல்லை. வேண்டும், வேண்டாம் என்று இரண்டு சொல்லுக்குத்தான் அதில் இடம்.

இதையெல்லாம் நான் அன்றைக்குப் போனில் தம்பிக்குச் சொல்லியிருக்கலாம். சொன்னது வேறு.

"தம்பி, எங்கட தளத்தைத் திறக்கிறது ஆர்? கம்பஸ் பிள்ளையள், ஓகஸ்ட்டில ஏ.எல். எழுதப்போற பிள்ளையள், தங்கட ஊர்ப் பள்ளிக்கூடத்து மலரைத் தேடுற ஆக்கள். இவையளுக்கு ஐரோப்பாவில வோட்டு இல்லை. மூடினால் மறிபடுறது இவையள்தான். இதால அங்க இருக்கிற ஒரு எம்.பி.க்கு என்ன வரப்போகுது?"

அவர் கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "நான் உங்களுக்கு வேலை செய்யேக்க, எனக்கு யாழ்ப்பாணத்தில வோட்டு இருக்கோ எண்டு நீங்கள் ஒருநாளும் கேக்கேல்லையே, அண்ணா?"

"அது வேற, தம்பி."

"சரி அண்ணா."

கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்த நாள் காலையும் பட்டியல் வந்து கிடந்தது. மார்ச் 21 அன்று எங்கள் தளம் வழமைபோலத் திறந்திருந்தது.

எப்படி வேறு என்று பிறகு எத்தனையோ தரம் எனக்கு நானே விளக்கிப் பார்த்திருக்கிறேன். அவர் செய்தது கொடுப்பது, நான் செய்யச் சொல்லப்பட்டது மறிப்பது. கொடுப்பதற்கு யாரும் வாக்குச் சீட்டுக் காட்டத் தேவையில்லை. மறிப்பதென்றால் யாரை மறிக்கிறோம், எதற்காக என்று கேட்கத்தான் வேண்டும். எங்கள் தளத்தை நம்பியிருப்பவர்களுக்கு வேறு வழி கிடையாது. ஒரு இதழ் எங்களிடம் மட்டும் இருக்கிறதென்றால், நாங்கள் மூடுகிற அன்றைக்கு உலகத்தில் எங்குமே அது இல்லை என்றுதான் அர்த்தம். நூலகம் எரிந்த ஊரில் இருந்துகொண்டு ஒரு நூலகத்தை ஒரு நாளுக்கென்றாலும் நானே மூட எனக்கு மனம் வரவில்லை. இந்த வாதம் நிற்கும் என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் அந்தப் போனில் அவர் முதலில் சொன்ன ஒரு விஷயத்தை நினைத்தால் வாதம் ஆட்டம் காண்கிறது. அவரும் நண்பர்களும் தங்கள் பிரதிநிதிகளுக்கு மின்னஞ்சல் எழுதியிருந்தார்கள். அந்த மாதங்களில் ஐரோப்பிய அரசியல்வாதிகள் சிலர் கொடுத்த பதில் விசித்திரமானது. ஜேர்மனிய உறுப்பினர் ஒருவர், வருகிற மின்னஞ்சல்கள் எல்லாம் ஜிமெயில் முகவரிகளில் இருந்து வருகின்றன, இதன் பின்னால் கூகிள் இருக்கிறது என்ற மாதிரி எழுதினார். இவை மனிதர் எழுதுவதே இல்லை, தானியங்கிகள் அனுப்புவது என்ற பேச்சும் வந்தது. 2019 பெப்ரவரியில் ஐரோப்பிய ஆணையத்தின் பக்கம் ஒன்றில், எதிர்ப்பவர்களைத் தூண்டிவிடப்பட்ட கும்பல் என்று சொல்லும் கட்டுரை வந்து, கண்டனத்துக்குப் பிறகு எடுக்கப்பட்டது. தெருவில் இறங்கிய பிள்ளைகள் நாங்கள் தானியங்கிகள் இல்லை என்று அட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். தம்பியும் அந்த ஊர்வலத்துக்குப் போயிருந்தார். வாக்குள்ள ஊரிலேயே நீ ஒரு ஆளில்லை என்று சொல்லப்பட்ட ஒருவர், தான் இரவிரவாக உழைத்துக் கொடுத்த இடத்தில் ஒரு நாள் துணை கேட்டார். நான் வோட்டுக் கணக்குச் சொன்னேன். நான் நினைத்துச் சொன்னது ஒன்று, அவருக்குக் கேட்டது வேறொன்றாக இருந்திருக்கலாம்.

மார்ச் 26 அன்று 348க்கு 274 என்று பணிப்புரை நிறைவேறியது. அதற்குச் சற்று முன் இன்னொரு வாக்கெடுப்பு நடந்தது. திருத்தங்களைத் தனித்தனியாக எடுத்துப் பார்க்கலாமா என்பது கேள்வி. அது வென்றிருந்தால் 17ஆம் உறுப்புரையை மட்டும் வெளியே எடுக்க வழி இருந்தது. 312க்கு 317, ஐந்து வாக்கில் தோற்றது. பிறகு சில உறுப்பினர்கள் தாங்கள் பிழையான பொத்தானை அழுத்திவிட்டோம் என்று பதிவைத் திருத்தினார்கள். பதிவு திருந்தியது, முடிவு மாறவில்லை. 50 இலட்சம் கையெழுத்து ஒரு பக்கம், ஐந்து விரல் மறு பக்கம். இதை எனக்குச் செய்தியாக அனுப்பியதும் தம்பிதான். கீழே ஒன்றும் எழுதவில்லை, இணைப்பை மட்டும் அனுப்பினார்.

வோட்டுக் கணக்கு என் மனதில் முன்னமே பதிந்ததற்குக் காரணம் 2012. அமெரிக்காவில் சோப்பா, பிப்பா என்று இரண்டு பதிப்புரிமைச் சட்டமூலங்கள் வந்தபோது ஜனவரி 18 அன்று ஆங்கில விக்கிபீடியா 24 மணிநேரம் மூடியது. இங்கிருந்து திறந்தவர்களுக்கும் கறுப்புப் பக்கம்தான். கூகிள் தன் பெயரின்மேல் கறுப்புப் பட்டை போட்டது. அந்த நாளைப் பற்றிப் பேசுகிறவர்கள் கறுப்பு நிறத்தைப் பற்றியே பேசுகிறார்கள். என் கண் போனது அந்தப் பக்கத்தில் இருந்த சின்னப் பெட்டிக்கு. அமெரிக்க வாசகர் தன் அஞ்சல் குறியீட்டை அதில் போட்டால் தன் தொகுதிப் பிரதிநிதி யார், அவருடைய தொலைபேசி எண் என்ன என்று காட்டும். 80 இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் அதில் தேடினார்கள் என்று விக்கிமீடியா பிறகு சொன்னது. ஒரு செனட்டருக்கு உலகமே கோபிக்கிறது என்றால் அது செய்தி மட்டும்தான். தன் தொகுதி கோபிக்கிறது என்றால் நாற்காலி ஆடும்.

அன்றைக்கே மார்க்கோ ரூபியோ, ரோய் பிளண்ட் போன்ற செனட்டர்கள், தாங்களே முன்மொழிவில் பெயர் போட்டிருந்த பிப்பாவில் இருந்து விலகினார்கள். 20ஆம் திகதி செனட் பெரும்பான்மைத் தலைவர் ஹரி ரீட் வாக்கெடுப்பைத் தள்ளிவைத்தார். சோப்பாவைக் கொண்டுவந்த லமார் ஸ்மித்தும் நிறுத்தினார். எல்லோரும் பணிந்துபோகவில்லை. திரைப்படத் துறைச் சங்கத்தின் தலைவராக இருந்த முன்னாள் செனட்டர் கிறிஸ் டொட், தளங்களை மூடுவது அதிகாரத் துஷ்பிரயோகம் என்றார். அந்தச் சொல் எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் முழுதாக ஒதுக்கவும் முடியவில்லை. ஒரு பெரிய தளம் தன்னிடம் வருகிறவர்களை ஒரு நாள் வாசலில் நிறுத்தி, இவருக்குப் போன் எடுத்துவிட்டு வா என்று சொல்லும்போது அது வெறும் கருத்துச் சொல்வது அல்ல. நான் 2019இல் செய்ய மறுத்ததும் அதைத்தான்.

அதே 2012இல் ஐரோப்பாவில் அக்டா, போலிப் பொருட்களுக்கும் பதிப்புரிமை மீறலுக்கும் எதிரான சர்வதேச ஒப்பந்தம். போலந்தில் பனிக்குளிருக்குள் ஊர்வலம், அந்த நாட்டுப் பாராளுமன்றத்துக்குள்ளேயே சில உறுப்பினர்கள் முகமூடி அணிந்து நின்றார்கள். ஜூலை 4 அன்று ஐரோப்பியப் பாராளுமன்றம் 478க்கு 39 என்று அதை வீசியெறிந்தது. ஏழு வருடத்துக்குப் பிறகு அதே பாராளுமன்றம் அதே மாதிரிக் கூச்சலைக் கேட்டு ஏன் அசையவில்லை? முதல்தரம் பயந்தவர்கள் இரண்டாம் தரம் பதிலைத் தயாராக வைத்திருந்தார்கள் என்று நினைக்கிறேன். இது மக்கள் இல்லை, கூகிளின் ஆட்கள், தானியங்கிகள். எதிர்ப்பை மறுப்பதைவிட எதிர்ப்பவரை ஆளில்லை என்பது சுலபம்.

எங்கள் நாட்டுக்கு வந்தால் அந்தச் சின்னப் பெட்டியில் போட எண்ணே இல்லை. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம் என்றால் கிளிநொச்சியும் சேர்த்து. 2020இல் ஏழு பேர் தெரிவானார்கள். கட்சிக்கு ஒரு வாக்கு, அந்தக் கட்சிக்குள் மூன்று விருப்பு வாக்கு. கோப்பாயில் இருக்கும் ஒருவர் இவர்தான் என் எம்.பி. என்று ஒரு ஆளைக் காட்ட முடியாது. எல்லோரும் எல்லோருக்கும் பிரதிநிதி. ஒருவரைப் பிடித்தால் கட்சித் தலைமையோடு பேசுங்கள் என்பார்.

2024 ஜனவரியில் அது எனக்கு நேரே வந்தது. நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலம் அவசர அவசரமாகப் பாராளுமன்றத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அது பதிப்புரிமைச் சட்டம் இல்லைதான். இணையத்தில் எழுதுவதில் எது பொய், எது தடைசெய்யவேண்டிய கூற்று என்று ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழு ஒன்று தீர்மானிக்க வழிவிடும் சட்டம். எண்பதுகளின் பத்திரிகைகளையும் துண்டுப் பிரசுரங்களையும் வைத்திருக்கிற எங்களுக்குப் பதிப்புரிமையைவிட அது கிட்டவான பயம். நாங்களும் இணையத்தில் கையெழுத்துச் சேர்த்தோம். தம்பி முதல் நாளே போட்டார், தன் நண்பர்களையும் போடவைத்தார். பட்டியலை அச்செடுத்துக்கொண்டு எம்.பி. ஒருவரின் அலுவலகத்துக்குப் போனேன்.

உள்ளே இருந்தவர் மரியாதையான ஆள். தேத்தண்ணி தந்தார். பட்டியலை வாங்கி, பெயர்களைப் பார்க்காமல் முகவரி நிரலில் பேனையை வைத்து மேலிருந்து கீழே ஓட்டினார். "ஐயா எப்பிடியும் எதிர்த்துத்தான் வாக்களிப்பார், அதில பிரச்சினை இல்லை" என்றார். பிறகு பேனையை நிறுத்திவிட்டு, "ஆனா அண்ணை, இதில எங்கட ஆக்கள் எத்தினை பேர்? கனடா, லண்டன், ஜேர்மனி எண்டெல்லோ கிடக்கு."

"அவையின்ரை தாய் தகப்பன் இங்கதானே இருக்கினம்" என்றேன்.

அவர் தலையாட்டினார். பட்டியலை ஒரு கோவைக்குள் வைத்தார். நான் சொன்ன பதில் பொய் இல்லை. இந்த ஊரில் வீட்டுக்கு ஒரு ஆளாவது வெளியில் இருக்கிறார், போன் எடுத்து ஆருக்கு வோட்டுப் போடுகிறீர்கள் என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். வெளிநாட்டுக் காசில் கோயில் எழும்புகிறது, பள்ளிக்கூடத்துக்கு மாடி எழும்புகிறது, எங்கள் ஸ்கானர் வந்ததும் அப்படித்தான். அவர்களுக்கு இந்த மண்ணின் சட்டத்தைப் பற்றிப் பேச உரிமை இல்லை என்று சொல்ல என் நாக்கு வராது. ஆனால் வாக்கு என்பது விளைவைச் சுமக்கிறவர்களின் கையில் இருக்கவேண்டியது என்பதையும் நான் நம்புகிறேன். அந்தச் சட்டத்தால் வழக்கு வந்தால் நீதிமன்றத்துக்கு ஏறி இறங்கப்போவது ரொறன்ரோவில் இருப்பவர் இல்லை, எங்கள் அலுவலகத்தில் ஸ்கானருக்கு முன்னால் இருக்கிற பிள்ளை. இந்த இரண்டு நம்பிக்கையும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. இரண்டையும் விடவும் என்னால் முடியவில்லை.

ஜனவரி 24 அன்று இரண்டாம் வாசிப்பில் 108க்கு 62. பெப்ரவரி 1 அன்று சபாநாயகர் கையெழுத்திட்டார். உயர் நீதிமன்றம் சொன்ன திருத்தங்கள் முழுதாகச் சேர்க்கப்படவில்லை என்று மனித உரிமைகள் ஆணைக்குழுவே எழுதியது. அதற்காகச் சபாநாயகர்மேல் கொண்டுவந்த நம்பிக்கையில்லாப் பிரேரணையும் மார்ச்சில் 117க்கு 75 என்று தோற்றது. கோவைக்குள் போன எங்கள் பட்டியல் எந்தக் கணக்கிலும் வரவில்லை. மாவட்டத்துக்குள் மட்டும் சேர்த்திருந்தாலும் வந்திருக்காது என்பதையும் சொல்லவேண்டும். 108 என்ற எண் கொழும்பில் முடிவான எண்.

இணையத்தில் எழுதி என்ன பயன் என்று அலுவலகத்துப் பிள்ளைகள் கேட்டால் நான் ஜேர்மனியைக் காட்டுவேன். 2019இல் தோற்றவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. பணிப்புரையைச் சொந்தச் சட்டமாக மாற்றவேண்டி வந்தபோது, 2021 ஓகஸ்ட்டில் நடைமுறைக்கு வந்த ஜேர்மனியச் சட்டத்தில், 15 விநாடிவரையான படத்துண்டு, பாட்டுத்துண்டு, 160 எழுத்துவரையான வாசகம் போன்ற சின்னப் பயன்பாடுகளை மெஷின் எடுத்த எடுப்பில் தடுக்கக்கூடாது என்று சேர்த்தார்கள். 17ஆம் உறுப்புரையை எதிர்த்துப் போலந்து போட்ட வழக்கை 2022 ஏப்ரல் 26 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆனால் நியாயமான பதிவுகளைத் தடுக்காத காப்புகள் இருந்தால்தான் அது செல்லும் என்றும் சொன்னது. ஊர்வலம் போகாதிருந்தால் இந்த 15 விநாடியும் கிடைத்திருக்காது என்றுதான் நான் நம்புகிறேன். இதற்கு என்னிடம் அத்தாட்சி இல்லை, நம்பிக்கைதான். ஒரு கறுப்பு நாள் எங்கே போய்ச் சேரும் என்று அந்த நாளில் யாருக்கும் தெரியாது. அப்படியென்றால் எங்கள் ஒரு நாளும் எங்கேயாவது போய்ச் சேர்ந்திருக்குமா? அந்த மார்ச் 21இல் எங்கள் தளத்தைத் திறந்து தனக்கு வேண்டிய இதழை எடுத்துக்கொண்டுபோன பிள்ளை எந்தப் பிள்ளை என்றும் எனக்குத் தெரியாது. அந்தப் பிள்ளைக்காகத்தான் மறுத்தேன் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. தம்பிக்கு அதைவிட நல்ல பதில் சொல்லியிருக்க முடியுமா என்பதில்தான் இருக்கிறது.

இப்போது புலமைச் சொத்துச் சட்டத்தில் வணிகத்தில் இல்லாத ஆக்கங்களுக்கு ஒரு ஏற்பாடு கேட்டுக் கோரிக்கை ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறோம். நூலகர்கள், எழுத்தாளர் குடும்பங்கள், பழைய அச்சகக்காரர் எல்லோரிடமும் கையெழுத்து வாங்க யோசனை. அலுவலகத்தில் இருக்கிற தங்கச்சி, மாவட்டத்துக்குள் இருப்பவர்களை ஒரு பட்டியலிலும் வெளிநாட்டவர்களை இன்னொன்றிலும் போடுவோம், எம்.பி.மாரிடம் முதற்பட்டியலை மட்டும் கொடுப்போம் என்கிறார். கெட்டிக்காரப் பிள்ளை, எம்.பி.யின் அலுவலகத்தில் அந்தப் பேனை ஓடியதை நான் சொல்லக் கேட்டவர். நான் ஒரே பட்டியல்தான் என்று நிற்கிறேன். கொக்குவில் படிவத்தின் இரண்டாவது கையெழுத்தே ரொறன்ரோவில் இருந்து வந்தது, அதை எந்தப் பட்டியலில் போடுவது என்று கேட்டேன். அது வாரிசு என்ற முறையில் வந்தது, வேறு விஷயம் என்றார் தங்கச்சி. அவர் சொல்வதிலும் பிழை இல்லை. இன்னும் முடிவாகவில்லை.

வரைவைத் தம்பிக்கும் அனுப்பினேன். இரண்டு நாளில் திருப்பி அனுப்பினார். 8ஆம் உறுப்புரையை நான் தமிழில் எழுதிய விதம் தெளிவில்லை என்று மூன்று இடத்தில் சிவப்புக் கோடு போட்டு, உரிமையாளர் பிறகு வந்து மறுத்தால் எத்தனை நாளுக்குள் எடுக்கவேண்டும் என்பதை நாங்களே எழுதிக் கொடுக்கவேண்டும், இல்லாவிட்டால் சட்டம் எழுதுகிறவர்கள் தங்களுக்கு வசதியாக எழுதுவார்கள் என்று குறிப்பு வைத்திருந்தார். கையெழுத்துப் பட்டியலைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.